தோற்ற நாளின் ஒலிபெருக்கி

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வென்றால் சேர் பேசுவார், தோற்றால் கெப்டனான நான் பேச வேண்டும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் விளையாடும் மைதானத்தின் ஒரு பக்கம் நீளமான மதில். எங்கள் ஆட்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்துதான் ஆட்டம் பார்ப்பார்கள். கடைசி விசில் ஊதியதும் கையில் பிடித்துப் பேசும் ஒலிபெருக்கி ஒன்று மதிலடிக்கு வரும். வென்ற நாளில் சேரே அதைக் காரிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வருவார். தோற்ற நாளில் அது எப்படியோ என் கைக்கு வந்து சேர்ந்துவிடும். சேர் அப்போது காருக்குள் இருப்பார், கண்ணாடி ஏற்றியிருக்கும்.

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். இத்தனை வருடம் அடக்கி வைத்ததில் எனக்கு மிஞ்சியது மடங்காத ஒரு முழங்கால்தான்.

சேர் என்று நான் சொல்வது எங்கள் மனேஜரை. வெள்ளவத்தையில் காலி வீதியில் குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவர். கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாடி வீடு. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பாவுக்கு ஒரு காலத்தில் கொட்டாஞ்சேனையில் கிடங்கு இருந்தது. அந்தக் கிடங்கில் மூட்டை தூக்கியவர்களுக்காக அப்பா தொடங்கிய உதைபந்தாட்டக் கழகம் மகன் கைக்கு வந்தது. கிடங்கை விற்றுவிட்டார், எங்களை விற்கவில்லை. பூட்ஸ், ஜேர்சி, வெளியூர் ஆட்டத்துக்குப் போக வான் வண்டி, எல்லாம் அவர்தான். அதை நான் மறுக்கவில்லை. மறக்கவும் அவர் விடமாட்டார்.

நான் துறைமுகப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை செய்கிறவன். அப்பா அம்மா தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்தவர்கள். அணியில் பாதிப் பேர் என்னைப் போல. மீதிப் பேர் மட்டக்குளி மீன்காரர்கள், கொட்டாஞ்சேனைக் கடைப் பையன்கள், இரண்டு மூன்று முஸ்லிம் பிள்ளைகள். வெள்ளவத்தையிலிருந்து வந்தது சேர் மட்டுந்தான்.

சேர் வாலிபத்தில் படிப்புக்கென்று ஸ்கொட்லாந்து போய் வந்தவர். அங்கே என்ன படித்தார் என்று யாருக்கும் தெரியாது. உதைபந்தாட்டம் பார்த்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். கடையில் கல்லாவுக்குப் பின்னால், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்கொட்லாந்துக் கெப்டனின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். சிவந்த முகம், ஒருகாலத்தில் உடைந்து ஒட்டிய மூக்கு, புஜத்தில் கெப்டன் பட்டி. அவனுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு ஆள் கொஞ்சம் மங்கலாகத் தெரிவார். அவர்தான் அவனுடைய மனேஜர். பயிற்சிக்கு நடுவில் மழை வந்து ஒதுங்கினாலும் சரி, வான் வண்டியில் கண்டி மலை ஏறினாலும் சரி, சேர் அந்தக் கதையைத் தொடங்கிவிடுவார்.

"பாருங்கோ பெடியள், அவன்தான் கப்டன். கடைசி மட்டும் ஒரே மனேஜருக்குக் கீழதான் விளையாடினவன். தோத்தால் ஓடி ஒளிக்கமாட்டான். சனத்துக்கு முன்னால போய் நிண்டு, பிழை என்ர எண்டு சொல்லுவான். மனேஜற்ற பேர் வெளியில வராது. அதாலதான் அந்த ரீம் அப்பிடி நிண்டது."

நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம். என்னைக் கெப்டனாக்கிய அன்று அந்தப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, தன் கையாலேயே பட்டியைக் கட்டிவிட்டார். கடையில் குழாய் வாங்க வந்த ஒரு அம்மா எனக்கு ஏதோ கலியாணம் பேசி முடித்திருக்கிறார்கள் என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போனார். எனக்குப் பெருமையில் கால் நிலத்தில் படவில்லை. வெள்ளைக்காரன் ஒருவன் செய்ததை நானும் செய்யப் போகிறேன், அது பெரிய மனிதர்களின் வேலை என்று நினைத்தேன்.

அதன் பிறகு செய்தேன், ஐயா, செய்தேன். மைதானம் முழுக்கத் தண்ணீர் நின்ற ஒரு நாள், பந்தைத் தரையோடுதான் உருட்டி விளையாட வேண்டும் என்று சேர் அடம்பிடித்தார். பந்து போகிற வழியிலெல்லாம் மிதந்துகொண்டு நின்றது. தோற்றோம். "பிழை என்னோடது" என்று நான் மதிலடியில் சொன்னேன். இன்னொரு நாள், சாதகம் பார்க்கும் யாரோ ஒரு சாத்திரியார் சொன்னாரென்று, கோல் காக்கும் நல்ல கோலியை உட்கார வைத்துவிட்டு, பந்தைக் கண்டாலே கண்ணை மூடுகிற ஒருவனைப் போட்டார். அன்றைக்கும் என்னோடதுதான். வென்ற நாட்களில் அதே மதிலடியில் சேர் நின்று, தான் எப்படித் திட்டம் போட்டார், எந்த நிமிடத்தில் எதிராளியின் பலவீனத்தைக் கண்டுபிடித்தார் என்று விளக்குவார். நாங்கள் பின்னால் வியர்வையோடு நின்று தலையாட்டுவோம்.

தோற்றவனுக்கு மைதானத்தோடு வேலை முடிவதில்லை. அடுத்த நாள் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினால், "கெப்டன், அதத் பெரதுனாத?" என்று கொண்டக்டர் சிங்களத்தில் கேட்பார். இன்றைக்கும் தோல்விதானா என்று. பஸ் முழுக்கச் சிரிக்கும். சலூனில் முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு எனக்கு விளையாட்டுச் சொல்லித் தருவார். என் மனைவி சந்தைக்குப் போனால் மரக்கறிக்காரனும் விடமாட்டான். வீட்டுக்கு வந்து பையைத் தொப்பென்று போட்டுவிட்டு அவள் கேட்பாள்:

"நீங்க என்ன, ஊருல உள்ள பிழையெல்லாம் ஏலத்துல எடுத்திருக்கீங்களா?"

"கெப்டன்னா அப்படித்தான். ஒனக்கு வெளங்காது" என்பேன்.

"எனக்கு நல்லா வெளங்குது. ஒங்களுக்குத்தான் வெளங்கல" என்பாள்.

அவளுக்கு நான் ஸ்கொட்லாந்துக்காரனின் கதையைச் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, அந்த வெள்ளைக்காரனின் பெண்சாதியும் சந்தைக்குப் போய் இப்படிப் பேச்சு வாங்கினாளா என்று கேட்டாள். 

போன வருடம் நாங்கள் ஒரு இறுதியாட்டத்துக்கு வந்தோம். எங்கள் கழகம் அவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முந்திய ஆட்டத்திலேயே என் வலது முழங்கால் ஒரு பக்கமாகத் திரும்பி, பந்து அளவு வீங்கியிருந்தது. நான் ஸ்டொப்பர். கோலிக்கு முன்னால் கடைசியாக நிற்கிறவன். திரும்பி ஓட முடியாத ஸ்டொப்பரை வைத்துக்கொண்டு யாரும் ஆட முடியாது. அதைச் சேரிடம் தெளிவாகச் சொன்னேன். "சேர், என்னால ஏலாது. வேற ஆளப் போடுங்க. நான் வெளிய நின்னு சத்தம் குடுக்குறேன்."

சேர் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தார். அந்த மனிதர் டொக்டரா, மருந்துக்கடைக்காரரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்து முழங்காலில் ஊசி ஏற்றினார். "அந்த ஸ்கொட்லாந்துக்காரன் உடைஞ்ச காலோட விளையாடினவன்" என்று சேர் என் தோளைத் தட்டினார். கால் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. வலியில்லை. காலே இல்லாத மாதிரித்தான் இருந்தது.

இடைவேளைக்கு இன்னுமொரு ஊசி. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் எதிரணியின் ஒரு மெலிந்த பையன் பந்தோடு என்னைத் தாண்டினான். நான் திரும்பினேன். முழங்கால் என்னோடு திரும்பவில்லை. உள்ளே ஏதோ அறுந்த சத்தத்தை என் காதாலேயே கேட்டேன். விழுந்து கிடந்தபடி கோல் விழுவதைப் பார்த்தேன்.

இரண்டு பேர் என்னைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரிக்கு அல்ல, மதிலடிக்கு. ஒலிபெருக்கி காத்துக்கொண்டிருந்தது. நான் ஒற்றைக் காலில் நின்று, "மன்னிச்சிக்கங்க, பிழை என்னோடது" என்றேன். ஒரு தண்ணீர்ப் போத்தல் பறந்து வந்து நெஞ்சில் பட்டது. "மட்ச்ச எவ்வளவுக்குடா வித்த?" என்று ஒருவன் கத்தினான். காரின் கண்ணாடி ஏற்றியிருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

முழங்காலில் அறுவைச் சிகிச்சைக்காகக் களுபோவில ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது. அதைச் செய்த டொக்டர் நல்ல மனிதர். முழங்காலின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் காலோடு உங்களை விளையாட விட்டது யார் என்று கேட்டார். நான் பழக்க தோஷத்தில் "பிழை என்னோடது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே என் வாயில் அறைய வேண்டும் போலிருந்தது. இனி ஓட முடியாது, படி ஏறினாலும் பார்த்து ஏற வேண்டும் என்றார்கள்.

படுக்கையில் செய்ய ஒன்றுமில்லை. கைபேசியில் அந்த ஸ்கொட்லாந்துக்காரனைத் தேடினேன். பேர் தெரியும், சேர் அவ்வளவு தடவை சொல்லியிருக்கிறார். பழைய ஆட்டங்கள் நிறையக் கிடந்தன. அதே உடைந்த மூக்கு. அந்த ஆங்கிலம் எனக்குக் காற்பங்குகூட விளங்கவில்லை, ஆனால் பார்க்கக் கண் போதும். தோற்ற ஒரு நாள். வரிசையாக மைக்குகள். அவற்றுக்கு முன்னால் வந்து நிற்பது யார்? தொப்பிக்காரர்! மனேஜர்! மழையில் நனைந்துகொண்டு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கெப்டன் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான், யாரும் அவனை மறிக்கவில்லை. இன்னொரு தோல்வியிலும் தொப்பிக்காரர்தான். மூன்றாவது, வென்ற ஆட்டம். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கெப்டன் கத்துகிறான். தொப்பிக்காரர் ஒரு ஓரமாக நின்று கைதட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கதையைத் தலைகீழாகப் புரட்டி என் தலையில் கட்டியிருக்கிறார் மனிதர். அதற்குத் திருநீறு வேறு.

அடுத்த நாளே பார்வை நேரத்தில் சேர் வந்தார். ஒரு பையில் திராட்சை, பாலில் கரைக்கிற மால்ட் பக்கெட் ஒன்று. ஸ்டூலில் உட்கார்ந்து என் கட்டுப் போட்ட காலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எப்பிடி, நோவு குறைஞ்சிட்டுதோ? ஞாயிற்றுக்கிழமை மட்ச் இருக்குத் தெரியுந்தானே. ஒரு ஓட்டோ பிடிச்சுக் கிரவுண்டுக்கு வா."

"நான் வந்து என்ன செய்ய, சேர்?"

"புதுக் கப்டனுக்குக் கதைக்க வராது. தற்செயலாத் தோத்தால் சனத்துக்கு ஆர் சொல்லுறது? நீ சொன்னால் சனம் கேக்கும். அவையளுக்கு உன்னைப் பழக்கம்."

என்ன கேட்கிறார் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. என் கால் முடிந்துவிட்டது, வாய் இன்னும் இருக்கிறது. அதையாவது கொண்டு வா என்கிறார். விளையாடாத ஆட்டத்துக்கும் நான் பிழை ஏற்க வேண்டும்.

"சேர், ஸ்கொட்லாந்துல தோத்தா யாரு சேர் பேசுனது?"

"என்ன கேக்கிறாய்?"

கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். தொப்பிக்காரர் மழையில் நின்றார். சேர் பார்த்தார். முகத்தில் ஒரு சின்ன அசைவு. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது வேற நாடு. அதுகள் வேற ஆக்கள்" என்றார்.

"நாங்க என்ன ஆக்கள், சேர்?"

"நீ ஏன் இப்பிடிக் கதைக்கிறாய்? உன்னை நான் என்ர பிள்ளை மாதிரி வச்சிருந்தனான்."

அவருடைய சொந்தப் பிள்ளை கனடாவில் இருக்கிறான். அவன் காலில் யாரும் ஊசி போடவில்லை. அதைச் சொல்ல வாய் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன். சேர் போன பிறகு திராட்சையை அந்த மனிதருக்கே கொடுத்துவிட்டேன்.

அன்று படுத்தபடியே ஒன்றை முடிவு செய்தேன். எனக்கு அவருடைய மால்ட் வேண்டாம், உதவி வேண்டாம், பாராட்டு விழா வேண்டாம். ஒரே ஒரு தடவை, அந்த மதிலடியில், சனத்துக்கு முன்னால், பிழை தன்னுடையது என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் என் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் ஞாயிற்றுக்கிழமை போகப் போகிறேன் என்றேன். எனக்குப் பைத்தியமா என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் ஊன்றுகோல்களை எடுத்து வந்து, கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றித் தந்தாள். "அவரு சொல்லாம வராதீங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மதிலில் இடமில்லை. நான் ஊன்றுகோலோடு ஓட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்துச் சிலர் எழுந்து வழிவிட்டார்கள், சிலர் வாய்க்குள் சிரித்தார்கள். புதுக் கெப்டன் மட்டக்குளியில் மீன் லொறி ஓட்டுகிறவன். கலியாணம் முடித்து ஒரு பிள்ளையும் இருக்கிறது. அவன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். கை ஜில்லென்றிருந்தது. ஆட்டத்துக்குப் பயந்து அல்ல, ஆட்டம் முடிந்த பிறகு வருவதற்குப் பயந்து என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் மைதான ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். நம் பையன்கள் அருமையாக விளையாடினார்கள். ஒரு கோல் முன்னால் இருந்தோம். அப்போது சேருக்குக் கை அரிக்கத் தொடங்கியது. நன்றாக நின்று தடுத்துக்கொண்டிருந்த ஒருவனை வெளியே கூப்பிட்டு, தன் கடைக்குச் சாமான் போடுகிறவரின் மருமகனை உள்ளே இறக்கினார். அவன் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அந்தப் பக்கத்தாலேயே இரண்டு கோல் விழுந்தது. மதிலில் இருந்தவர்கள் புதுக் கெப்டனைப் பெயர் சொல்லித் திட்டத் தொடங்கினார்கள்.

கடைசி விசில். சேர் காரை நோக்கி நடந்தார். ஒலிபெருக்கி என் மடிக்கு வந்தது. இந்தத் தடவை யார் கொண்டுவந்தது என்று பார்த்தேன். சேரின் டிரைவர். இத்தனை வருடமும் கொண்டுவந்து தந்தது அவன்தான்.

ஒலிபெருக்கியின் வாரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நான் எழுந்தேன். மதில் பக்கம் போகவில்லை. ஊன்றுகோலை ஊன்றி ஊன்றிக் காரை நோக்கிப் போனேன். சேர் அதற்குள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தப் போனார். நான் ஒரு ஊன்றுகோலைக் கதவுக்கு நடுவில் வைத்தேன். கதவைச் சாத்த முடியவில்லை.

"இன்னைக்கு நீங்க பேசுங்க, சேர்."

"என்ன விசர் வேலை இது? சனம் பாக்குது."

"அதுக்குத்தான் சேர். பாக்கட்டும்."

பின்னால் புதுக் கெப்டன் வந்து நின்றான். "அண்ணே, நான் பேசிர்றேண்ணே, விடுங்க" என்றான். "நீ பேசாத!" என்று கத்தினேன். என் குரல் மதில் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அங்கே சத்தம் நின்றுவிட்டது. ஒவ்வொருவராக அணிப் பையன்களும் வந்து காரைச் சுற்றி நின்றார்கள். யாரும் விலகவில்லை.

சேர் எங்களைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த ஒலிபெருக்கியை வெடுக்கென்று பறித்துக்கொண்டு மதிலடிக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாது என்று பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஒலிபெருக்கியின் பொத்தானைத் தேடித் தடவினார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"இண்டைக்கு நாங்கள் தோத்ததுக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார்.  "பெடியளில பிழை இல்லை. ஆளை மாத்தினது நான். பிழை என்ர. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

சொல்லிவிட்டார். நான் கேட்க வந்தது நடந்துவிட்டது. 

பிறகு யாரோ ஒருவன் கைதட்டினான். பக்கத்தில் இருந்தவன் தட்டினான். மதில் முழுக்கத் தட்டியது. எழுந்து நின்று தட்டினார்கள். "சேர்! சேர்!" என்று கூப்பிட்டார்கள். இரண்டு மூன்று பேர் மதிலிலிருந்து குதித்து வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள். கைபேசிகள் உயர்ந்தன. சேர் முதலில் திகைத்தார். அப்புறம் ஒலிபெருக்கியை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். இந்தத் தடவை பொத்தானைத் தேடவில்லை. ஒரு தலைவன் என்றால் தோல்வியைத் தன் தோளில் சுமக்க வேண்டும் என்று தொடங்கினார். ஸ்கொட்லாந்தில் தான் கண்ட ஒரு மனேஜரைப் பற்றிச் சொன்னார். தொப்பி போட்ட மனேஜர். மழையில் நனைந்துகொண்டு மைக்குக்கு முன்னால் நின்ற மனேஜர்.

என் கைபேசியில் பார்த்ததை அப்படியே சொன்னார்.

எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு ஆட்டமும் விடாமல் வருகிறவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முழங்கையைத் தொட்டார்.

"பாத்தியா கெப்டன், மனுசன்னா இவரு. எவ்வளவு பெரிய மனசு! நீயும் எத்தனையோ தடவ பிழை பிழைன்னு சொன்ன. எங்களுக்கு ஒருநாளும் இப்படி வந்ததில்ல."

 அவருக்குப் பதில் சொல்லியிருந்தால் ஊன்றுகோலால்தான் சொல்லியிருப்பேன். புதுக் கெப்டன் ஓட்டோ பிடித்து என்னை ஏற்றிவிட்டான். கொட்டாஞ்சேனைத் தெருவெல்லாம் எனக்கு ஒரே கைதட்டலாகக் கேட்டது.

மனைவி வாசலிலேயே நின்றாள். கையைப் பிடித்து இறக்கினாள்.

"சொன்னாரா?"

"சொன்னாரு."

"எல்லாருக்கும் முன்னால?"

"எல்லாருக்கும் முன்னால."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? என்ன செஞ்சாங்க? போத்தலால அடிச்சாங்களா?"

"இல்ல" என்றேன். "கைதட்டுனாங்க."